மைக்கை நீட்டுகிறவன்

எங்கள் பாட்டு எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. தாண்டினால் எங்களுக்கே அலுத்துவிடும். கார்த் டிரம்மில் உட்கார்ந்து நாலு எண்ணுவான். வெர்ன் கட்டாந்தரையில் மண்வெட்டியை இழுப்பதுபோலக் கிடாரை இழுப்பான். நான் பேஸ் கிடாரில் அதே மூன்று சுரங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன். ஓரெஸ்ட் கத்துவான். பாடுவான் என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து ஜனங்கள் கைதட்டுவதற்குள் கார்த் அடுத்த நாலை எண்ணிவிடுவான். நாற்பது நிமிடத்தில் இருபத்திரண்டு பாட்டு, அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இதற்குப் பெயர்தான் பங்க் ராக். இதைக் கலை என்று யாராவது சொன்னால் ஓரெஸ்டுக்குக் கெட்ட கோபம் வரும்.

கனடாவில் வின்னிபெக் நகரத்தில் பிளாக் ஹீட்டர்ஸ் என்றால் எங்களைத் தெரியும். குளிர்காலத்தில் எஞ்சின் உறைந்து போகாமலிருக்க காரை ராத்திரி முழுக்கக் கரண்டில் செருகி வைக்கிறோமே, அந்தச் சாமானின் பெயர். 1986இல் வைத்தோம். அப்போது எங்கள் நால்வரிடமும் சேர்த்து ஒரே ஒரு கார், அதுவும் கிளம்பாது. முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ இசைக்குழுக்கள் உடைந்தன, சேர்ந்தன, மறுபடி உடைந்தன. நாங்கள் உடையவில்லை. ஒற்றுமை என்று நினைக்காதீர்கள். வேறு யாரும் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஓரெஸ்ட் டுஸ்யாக் தொழில்முறைப் பாடகன் இல்லை. வடக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷம் காவல்காரன், துப்புரவுக்காரன், பனி அள்ளுகிறவன் எல்லாம் அவன்தான். காலை ஐந்தரைக்குப் போய் கொதிகலனை மூட்டுவான். வாசலில் பனியை வாருவான். பிள்ளைகள் வாந்தியெடுத்தால் மரத்தூள் போட்டுக் கூட்டுவான். அவன் எழுதிய பாட்டெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். மற்ற பங்க் குழுக்கள் அரசாங்கத்தை எரிப்போம் என்று கத்திக்கொண்டிருந்தபோது இவன் வராத பஸ்ஸைப் பற்றியும், கொசுமருந்து வண்டியைப் பற்றியும், ஒற்றைக் கையுறையைத் தொலைத்துவிட்டு அழுகிற ஆறு வயசுப் பிள்ளையைப் பற்றியும் கத்தினான். அரசாங்கத்துக்கு அதில்தான் அதிகம் உறைத்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்கள் பாட்டின் கட்டுமானம் ரொம்ப எளிது. அவன் ஒரு வரி கேள்வி கேட்பான், கூட்டம் பதில் சொல்லும். "கொதிகலன் நின்னு போச்சு, யாரு வீட்டுப் பிள்ளைக்குக் குளிருது?" என்பான். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு!" என்று இருநூறு தொண்டை கிழியும். மேடை எங்களுக்கு ஆகாது. முதல் நாளிலிருந்தே தரையில் நின்றுதான் வாசிப்போம், கூட்டத்தின் மூச்சு மூஞ்சியில் அடிக்கிற தூரத்தில். மைக்கை எட்டிப் பிடிக்க முடிந்தவர்கள் பிடித்துக் கத்தலாம். அது எல்லோருக்கும் உள்ள உரிமை.

ஆகவே மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓரெஸ்ட் மைக்கை அதிகமாக நீட்ட ஆரம்பித்தபோது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதலில் இரண்டாம் சரணத்தை மட்டும் கூட்டத்துக்குக் கொடுத்தான். அப்புறம் கேள்வியையும் அவர்களே கேட்டு, பதிலையும் அவர்களே சொன்னார்கள். இவன் நடுவில் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருப்பான். ஒரு பத்திரிகைக்காரப் பெண், பாட்டை ஜனங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட மனிதர் என்று எழுதினாள். அதை நான் வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

ஒத்திகைக்கும் அவன் வருவது நின்றது. "முப்பது வருஷம் வாசிச்சாச்சு, இன்னும் என்னடி ஒத்திகை? வேலை பார்க்கிற மாதிரி இருக்கு" என்றான். ஒத்திகையை மதிக்கிறவர்கள் யாரும் எங்கள் ஆட்களில் கிடையாது. சரிதான் என்று நாங்களும் கார்த்தின் காரேஜில் பீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். அவன் கையில் பால்பாயிண்ட் பேனாவால் என்னவோ கிறுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டு வரிசை என்று நினைத்தேன். வேர்வையில் அது அழிந்துபோகும்போதெல்லாம் அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன்.

பிராண்டன் ஊரில்தான் குட்டு உடைந்தது. பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடப் போகிறார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தம் பதினொரு பேர், அதில் ஆறு பேர் எங்களுக்கு முன்னால் வாசித்த சின்னப் பையன்கள். எங்கள் பாட்டு அவர்களுக்குத் தெரியாது. கார்த் எண்ணினான், நாங்கள் தொடங்கினோம், ஓரெஸ்ட் மைக்கை நீட்டினான். ஒருத்தரும் பாடவில்லை. பதினொரு பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தான், வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. நான் அந்த மூன்று சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவன் தரையில் விழுந்து உருண்டு நாய் மாதிரி குரைத்தான். அந்தப் பதினொரு பேரும் அப்படிக் கைதட்டினார்கள்! எங்கள் இசையில் தப்பு என்று ஒன்று கிடையாது. விழுந்தாலும் அழகு, மறந்தாலும் அழகு, குரைத்தாலும் அழகு. இத்தனை வருஷம் அதை எங்கள் சுதந்திரம் என்று நினைத்திருந்தேன்.

சாலை மூடியதால் அன்று வேனிலேயே கிடந்தோம். கார்த்தும் வெர்னும் பின்னால் குறட்டை விட்டார்கள். முன் சீட்டில் அவனும் நானும்.

"ஏய் லோர்னா, தூங்கிட்டியா?"

"இவனுங்க குறட்டைல எவ தூங்குவா?"

"வார்த்தை போகுதுடி" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், சாவி தொலைந்துவிட்டது என்பதுபோல. "டாக்டர் மூளையைப் படம் எடுத்துக் காட்டினார். முதல்ல வார்த்தை போகுமாம். அப்புறம் இன்னைக்கு நடந்தது நாளைக்குப் போகுமாம். அப்புறம் காலைல நடந்தது மதியத்துக்குள்ள போகுமாம்."

"எப்போ தெரியும்?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா மறைச்சியாடா பாவி?"

"மறைக்கலை. மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் தொடையில் ஓங்கி அடித்தேன். அப்புறம் அதே கையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னதுதான் இந்தக் கதை. "எனக்கு ஒண்ணு பண்ணு. கோமாளி ஆகுறதுக்கு முன்னாடி நான் நின்னுடணும். ஆனா அது எப்போன்னு எனக்குத் தெரியாம போயிடும். நீ சொல்லு. இதோட போதும்டா, இனிமே பாடாதேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"உன் பொண்டாட்டி சொல்ல மாட்டாளா?"

"அவ சொல்றதை நான் எப்போ கேட்டிருக்கேன்? கார்த் சொல்லவே மாட்டான், பயந்தாங்கொள்ளி. வெர்ன் ஜெபக்கூடத்து ஆளு, சுத்தி வளைச்சு ஞாயித்துக்கிழமை வரைக்கும் பேசுவான். நீதான் வெடுக்குன்னு சொல்ற ஆளு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் வாய் பொல்லாதது என்பது ஊருக்கே தெரியும். வின்னிபெக்கில் யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அவளிடம் சொன்னதும் நான்தான், என் முதல் புருஷனிடம் கிளம்பு என்று சொன்னதும் நான்தான். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன். ஓரெஸ்ட் கூட்டத்துக்குள் நுழைவான். இருபது வயசுப் பிள்ளைகள் அவனைக் கட்டிப் பிடிப்பார்கள். அப்பன்களும் மகள்களுமாக வந்து நிற்பார்கள். கார்த் நாலு எண்ணியதும் இருநூறு பேர் ஒரு எழுத்து பிசகாமல் பாடுவார்கள். அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். இதை எப்படி நிறுத்துவது? அவனை யாரும் கோமாளியாகப் பார்க்கவில்லையே. அவர்கள் நேசித்தார்கள். அவர்கள் நேசிக்க நேசிக்க அவன் நோய் வெளியே தெரியாமல் போயிற்று. தங்களால்தான் இது மறைகிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த நான் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த பிப்ரவரியில் ரெஜைனாவில் வாசித்தோம். பதினாலாவது பாட்டில் ஓரெஸ்ட் மைக்கை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தான். அது வழக்கம்தான். கூட்டம் வழிவிட்டது. அவன் நடந்துகொண்டே போய், கதவைத் திறந்து, வெளியே போய்விட்டான். அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். இதுவும் வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வருவான் என்று நாங்களும் இன்னும் மூன்று பாட்டு வாசித்தோம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வேர்வையில் நனைந்த அரைக்கை பனியனோடு இரண்டு தெரு தள்ளி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசி பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "ஸ்கூலுக்கு நேரமாச்சு. கொதிகலன் மூட்டணும்" என்றான். இரண்டு விரல் நுனி வெளுத்து உறைந்து போயிருந்தது. மறுவாரம் கறுத்தது.

டாரியா, அவன் மனைவி, முதியோர் இல்லத்தில் நர்ஸ். அதிகம் பேசாதவள். ஊர் திரும்பியதும் என் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றாள்.

"உன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காராமே."

"ஆமா."

"அப்போ சொல்லு. அடுத்த தடவை வெளியில போனா நீங்க வாசிச்சு முடிக்கறதுக்குள்ள செத்துடுவார்."

"அடுத்த நிகழ்ச்சியில சொல்றேன், டாரியா."

"நிகழ்ச்சியில இல்ல. நிகழ்ச்சிக்கு முன்னாடி."

அடுத்த நிகழ்ச்சி ஏப்ரலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், செல்கர்க் அவென்யூவுக்குப் பக்கத்தில் உக்ரேனியர் மண்டபத்தில். எல்லா வயசுக்காரர்களும் வரட்டும் என்று நாங்கள் ஞாயிறு மதியத்தில் வைப்போம். மாதா கோவில் முடிந்து வந்த கிழவிகள் சமையலறையில் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வேகவைத்து, வெங்காயம் வதக்கி, மூக்குத்தி போட்ட பிள்ளைகளுக்கு அதட்டி அதட்டிப் பரிமாறுவார்கள். டாரியாவுக்கு அன்று வேலை, இரண்டரைக்குத்தான் வருவாள். கார்த்திடமும் வெர்னிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பாட்டைக் கூட்டம் பாடட்டும், நாம் மூன்று பேர் வாசிப்போம், இதுதான் கடைசி. கார்த் டிரம் குச்சியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

ஒரு மணிக்கு ஓரெஸ்டைச் சமையலறைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிப் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"ஓரெஸ்ட், போதும்டா. இன்னைக்கு நீ பாட வேண்டாம். இனிமேலும் வேண்டாம்."

என்னை உற்றுப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. கண் முழுக்கப் புரிந்தது. மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேன்ல கேட்டேன்ல" என்றான்.

"ஆமா."

"ரொம்ப மோசமாயிட்டேனா?"

"ரெஜைனாவுல வெளியில போயிட்டே. விரலைப் பாரு."

விரலைப் பார்த்தான். அழுதான். முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை, அவன் அப்பா சாவில்கூட. நானும் அழுதேன். பிறகு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். "உனக்குத்தான் கஷ்டம், பாவம். நல்லவேளை உன்கிட்ட கேட்டேன்" என்றான். குழுவின் பெயர் போட்ட பனியன் விற்கிற மேசையில் உட்கார்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்குச் சரியான அளவு எடுத்துத் தருகிறேன், ஸ்கூல் ஆளுக்கு அளவு தெரியும் என்று சொல்லி மூக்கைத் துடைத்தான். நான் கழிப்பறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினேன். அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு நான் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஓரெஸ்ட் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நம்ம முறை எப்போடி?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

மறுபடியும் அதே அறை. அதே வார்த்தைகள். இந்த முறை அவன் அழவில்லை.

"யாரு முடிவு பண்ணது?"

"நீதான்டா. வேன்ல என்கிட்ட..."

"எந்த வேன்? என்னடி உளறுறே? நான் ஆரம்பிச்ச குழு இது. என் பாட்டு. மூணு பேரும் முதுகுக்குப் பின்னாடி பேசி வச்சுக்கிட்டீங்களா? எவனை வைக்கப் போறீங்க என் இடத்துல?"

"யாரையும் இல்ல. சத்தியமா யாரையும் இல்லடா."

"உன்னை என் கூடப் பொறந்தவள்னு நினைச்சேன்" என்றான். நாற்காலி அடுக்கைக் காலால் உதைத்தான். அது சரிந்த சத்தத்தில் கிழவிகளில் ஒருத்தி கரண்டியோடு எட்டிப் பார்த்து உக்ரேனிய மொழியில் திட்டினாள். அவன் அவளுக்கு அதே மொழியில் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து ஒழுங்காக அடுக்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெளியே வந்தேன். வெர்ன் என் முகத்தைப் பார்த்தான். தட்டில் நாலு பெரோகி கொண்டுவந்து வைத்தான். ஒன்றுகூட இறங்கவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. இருநூற்றைம்பது பேர் இருக்கும். ஓரெஸ்ட் பெயரைக் கத்த ஆரம்பித்தார்கள். இரண்டு இருபதுக்கு அவன் வந்தான், துண்டு தோளில், கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் கோபத்தின் சுவடுகூட இல்லை.

"இன்னைக்கு நல்ல கூட்டம்! நம்ம முறை எப்போடி?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு வார்த்தைகள் தெரியும். இரண்டு தடவை சொன்ன வார்த்தைகள்தான். ஒரு தடவை சொல்லத்தான் சத்தியம் செய்திருந்தேன். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் நான் அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாதியாக வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு வெளியே வந்தால் அவன் முழுசாக எழுந்து வந்து சிரிப்பான். மறுபடி வெட்ட வேண்டும். எத்தனை பொல்லாத வாயாக இருந்தாலும் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

"பத்து நிமிஷம்" என்றேன்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பசி."

"போய் ரெண்டு பெரோகி தின்னு. நடுவுல மயங்கி விழுந்து என் மானத்தை வாங்காதே, கிழவி."

இரண்டரைக்குத் தரையில் எங்கள் இடத்தில் நின்றோம். கார்த் என்னைப் பார்த்தான், பிறகு மைக்கைப் பிடித்திருந்த ஓரெஸ்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் முன்னால் நெருக்கியது. அப்போதுதான் டாரியா வந்தாள். நர்ஸ் உடுப்பின் மேல் கோட்டுப் போட்டபடியே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்து காதுக்குள் கத்தினாள்.

"சொல்றேன்னு சொன்னியே!"

"சொன்னேன், டாரியா. ரெண்டு தடவை சொன்னேன்."

அவள் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. இரண்டு தடவை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தினமும் அவளுக்கு நடப்பது அதுதான். என் கையை ஒரு நிமிஷம் பிடித்தாள். ஓரெஸ்ட் அவளைப் பார்த்துவிட்டு, "ஏய் டாரியா, வந்துட்டியா! முன்னாடி நில்லு, நல்லாத் தெரியும்!" என்று சந்தோஷமாகக் கையசைத்தான்.

அவள் முன்னால் நிற்கவில்லை. கூட்டத்தின் ஓரமாகவே நடந்து பின்னால் போனாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். கார்த் நாலு எண்ணினான்.